கூடை சுமந்தவளின் வலி

சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு என்று தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் இந்த எல்லைச் சீமையில், குடும்பத்துப் பெண்மணிகள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பவர்கள், அவர்களில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காக அடிவயிற்றில் ஒரு வலியை வைத்துக்கொண்டே அடுப்படியில் நின்றும், தறி ஓட்டியும், மாந்தோப்பில் கூடை தூக்கியும், அலிபிரியிலிருந்து படியேறித் திருமலையானைச் சேவித்தும் வருகிறார்கள் என்பதை அறிவார்கள். அடிவயிற்று நோவு, இடுப்புக் கடுப்பு, வெள்ளைபடுதல், கர்ப்பப்பைக் கோளாறு என்று அதற்கு அவர்கள் இடும் பெயர்கள் பல. ஆனால் இது ஏன் வந்தது, இத்தனை நாள் ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று கேட்டால் வருகிற விடை பெரும்பாலும் ஒன்றே: நான் செய்த கர்மம், நான்தானே அநுபவித்துத் தீர்க்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் கசப்பும் இராது, முறையீடும் இராது. பெருமாள் சந்நிதியில் ஒப்புவித்து முடித்துவிட்ட ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும் அமைதியோடே பேசுவார்கள். இந்த விடை பக்திதானா, அல்லது பக்தியின் உடையை அணிந்துகொண்டு வந்த வேறொன்றா என்ற கேள்வி என்னை நெடுநாளாக உறுத்திவருகிறது. மருத்துவர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாதபடி அது சமயத்தின் அடிப்படையையே தொடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் நோயை அதன் பெயரால் அழைத்துவிடுவோம். இடுப்புக்குழி அழற்சி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நோய், கிருமிகள் கீழிருந்து கர்ப்பப்பையின் வாயைக் கடந்து மேலேறி, கர்ப்பப்பையையும், அதன் இருபுறத்துக் கருக்குழாய்களையும், சினைப்பைகளையும் தாக்குவதால் உண்டாவது. கிளமிடியா, கொனோரியா என்னும் பால்வினைக் கிருமிகள் அதற்கு முக்கியமான காரணங்கள். பிரசவத்துக்குப் பின்னரோ கருக்கலைப்பின்போதோ சுத்தமற்ற கையும் கருவியும் உள்ளே சேர்த்துவிடும் கிருமிகளும் காரணமாவதுண்டு. நம் தேசத்தில் க்ஷயரோகக் கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே கருக்குழாயை அடைந்து அங்கே ஒளிந்து வாழ்வதும் அபூர்வமன்று. தொடக்கத்தில் காய்ச்சலும் வலியும் துர்நாற்றமுள்ள கசிவுமாக வெளிப்படுகிற நோய், சில சமயம் அந்த அடையாளங்கள்கூட இல்லாமல் ஓசையின்றி வருகிற நோய், கவனிப்பாரற்றுக் கிடந்தால் உள்ளுறுப்புகளைத் தழும்பு நார்களால் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. கர்ப்பப்பையை ஒட்டிய இடத்தில் கருக்குழாயின் உட்புழை ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இராது. அவ்வளவு நுண்ணிய வழி அடைபடுவதற்குப் பெரிய தழும்பு வேண்டியதில்லை. சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை இந்நோயோடு மருத்துவமனைக்கு வந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த வெஸ்ட்ரோம் என்ற மருத்துவர் 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு முறை நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், இரு முறை கண்டவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கும், மூன்றோ அதற்கு மேலோ கண்டவர்களில் 40 பேருக்கும் குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறு தடைப்பட்டிருந்தது. கிருமி செத்தொழிந்த பின்னரும் தழும்பும் கொதிப்படங்காத நரம்புகளும் எஞ்சிநிற்பதால், மாதவிலக்கின்போதும், தாம்பத்தியத்தின்போதும், பாரம் தூக்கும்போதும், சில வேளை வெறுமனே உட்கார்ந்திருக்கும்போதும் வலி தொடர்கிறது. ஆண்டுகள் பல ஆனாலும் தொடர்கிறது.

இத்தகைய நோயை ஒரு தேசத்துப் பெண்கள் எவ்வளவு தூரம் மூடி மறைத்து வைத்திருக்க முடியும் என்பதற்கு ஒரு சான்று போதும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் ராணி பங், அபய் பங் என்னும் மருத்துவத் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அதன் முடிவை எழுதினார்கள். அப்பெண்களில் நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்ணுறுப்பு சம்பந்தமான நோய் ஒன்றேனும் இருந்தது. அதற்கு முன்னர் அதற்கான பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்களோ நூற்றுக்கு 8 பேர்தாம். நம் ஆந்திரப் பிரதேசத்தில் இந்த மௌனம் முடிவில் வேறொரு விதமாக உடைகிறது. 2015–16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 3.2 பேர் என்றும், ஆந்திரத்தில் மட்டும் 8.9 பேர் என்றும் தெரியவந்தது. அத்தனை சஸ்திர சிகிச்சையும் வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருஷம் பொறுத்திருந்து, பொறுக்க முடியாத கட்டத்தில், பிள்ளை பெற்றாயிற்று, இனி இது எதற்கு என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்குத் தலையசைத்து, இளவயதிலேயே உறுப்பைப் பறிகொடுக்கும் பெண்ணின் வாழ்க்கையில், தொடக்கத்திலிருந்த பொறுமையும் முடிவிலிருந்த அவசரமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் வலியை ஒருவரும் வலியாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

கர்ம சித்தாந்தத்தை நான் மறுக்கவில்லை. மறுக்காதவன் என்பதனாலேயே, அதை இவ்விதம் பிரயோகிப்பது சித்தாந்தத்துக்கு இழைக்கும் தீங்கு என்று சொல்லத் துணிகிறேன். ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் சீவகன் என்னும் பரிவ்ராஜகன் புத்தரை அணுகி, மனிதன் அநுபவிக்கும் சுகதுக்கங்கள் யாவும் முன்வினையின் பயன் என்று சொல்வோரைப் பற்றி என்ன கருதுகிறீர் என்று வினவியதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. பித்தத்தால் வரும் வேதனை உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கூடி வருவது உண்டு, பருவ மாறுதலால் வருவது உண்டு, உடலைச் சரிவரப் பேணாமையால் வருவது உண்டு, பிறர் தாக்குவதால் வருவது உண்டு, வினைப்பயனாய் வருவதும் உண்டு என்று எட்டுக் காரணங்களை அடுக்கிய புத்தர், எல்லாவற்றையும் எட்டாவதன் தலையில் கட்டுகிறவர்கள், தாமே கண்டறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்றார். கர்மத்தை உலகுக்கு உரத்துச் சொன்ன ஆசிரியர் ஒருவரே வைத்தியனுக்கு ஏழு வாசல்களைத் திறந்துவைத்துவிட்டு, கர்மத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார் என்பதைச் சிந்திக்க வேண்டும். வைதிக மரபில் வந்த சரக சம்ஹிதையும் விமானஸ்தானத்தில் இதே விசாரணையை நடத்துகிறது: தைவம் என்பது முற்பிறப்பின் செயல், புருஷகாரம் என்பது இப்பிறப்பின் செயல், இரண்டில் எது பலமுள்ளதோ அது மற்றதை அடக்கும், ஆயுளும் ஆரோக்கியமும் முன்னரே அறுதியிடப்பட்டவை என்றால் மதங்கொண்ட யானைக்கும் முரட்டுக் காளைக்கும் ஒருவர் விலகி நடக்க வேண்டிய அவசியமே இராது. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தாரேயன்றி, மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைக்காமல் விட்டுவிடவில்லை.

ஆனால் நூல்களின் வாதத்தைக் காட்டிலும், இந்தச் சீமையின் சொந்தக் கதையொன்று இவ்விஷயத்தில் எனக்கு அதிகம் சொல்கிறது. திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தில் ஒரு பழைய கடப்பாரையை மாட்டிவைத்திருப்பதைச் சேவார்த்திகள் பலர் பார்த்திருப்பார்கள். வரிசையின் நெரிசலில் பார்க்காமலே உள்ளே தள்ளப்பட்டுவிடுகிறவர்கள் அதற்கும் அதிகம். வேங்கடத்துக்குப் போய்ப் புஷ்பகைங்கரியம் செய்ய யார் வருகிறீர்கள் என்று ஸ்ரீரங்கத்துக் கோஷ்டியில் ராமாநுஜர் கேட்டபோது, மலையின் குளிருக்கும் காட்டு மிருகங்களுக்கும் அஞ்சி மற்றவர்கள் வாளாவிருக்க, எழுந்து நின்றவர் அனந்தாழ்வான். அதற்காக ஆசாரியன் வாயாலேயே ஆண்பிள்ளை என்று பாராட்டப்பட்டவர். அவர் மலைமேல் வந்து நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டி ஓர் ஏரி வெட்டத் தொடங்கினார். பிறர் கை அந்தக் கைங்கரியத்தில் படலாகாது என்பது அவர் சங்கற்பம். ஆகவே அவர் கடப்பாரையால் வெட்ட, வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டும் பணி அவருடைய தேவியாருடையதாயிற்று. அந்த அம்மையாரோ அப்போது நிறைசூலி. வேங்கடமுடையான் ஒரு சிறுவனாக வந்து, அம்மையாரின் கூடையைப் பாதி வழியில் வாங்கித் தான் சுமந்தான். நடை விரைவாகிவிட்டதைக் கவனித்த அனந்தாழ்வான் உண்மையறிந்து, என் கைங்கரியத்தில் பங்குகேட்க இவன் யார் என்று சினந்து, கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். சந்நிதியைத் திறந்த அர்ச்சகர்கள் பெருமாளின் மோவாயிலிருந்து இரத்தம் பெருகக் கண்டு திகைத்தார்கள். அனந்தாழ்வான் ஓடிவந்து கதறிப் பச்சைக் கற்பூரத்தை அந்தக் காயத்தில் வைத்தார். இன்றைக்கும் திருவேங்கடமுடையானின் மோவாயில் வெண்மையாய்ப் பளிச்சிடும் பச்சைக் கற்பூரம் அந்த மருந்தே என்பது சம்பிரதாயம்.

அதே அனந்தாழ்வானைப் பற்றிக் குருபரம்பரை மரபில் வழங்கும் இன்னொரு கதையையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். நந்தவனத்தில் பூப்பறிக்கையில் அவரைப் பாம்பு தீண்டிற்று. விஷம் இறக்க வாருங்கள் என்று அழைத்தவர்களிடம் அவர் மறுத்துவிட்டார். தீண்டப்பட்டவன் பலசாலியானால் இங்கே கோனேரியில் நீராடிப் பெருமாளைச் சேவிக்கிறேன், தீண்டியது பலசாலியானால் விரஜை நதியில் நீராடி வைகுந்தத்தில் சேவிக்கிறேன், இரண்டில் எதுவானாலும் எனக்குக் குறைவில்லை என்பது அவர் சொன்ன சமாதானத்தின் கருத்து. சிகிச்சையை மறுப்பதே பக்தி என்று நினைப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஆதாரம் கிடைக்காது. ஆயினும் இரண்டு கதைகளையும் சேர்த்து வாசிக்கிறபோது ஒன்று புலப்படுகிறது. பாம்பு தீண்டியது அவருடைய சொந்த உடலை. மறுத்ததும் அவரே, முழு மனத்தோடு, மாற்று வழி எதிரே நிற்க, அதை அறிந்து மறுத்தார். அந்த இடத்தில் பெருமாள் குறுக்கிடவில்லை. ஏரிக்கரையிலோ, ஒருவருடைய சங்கற்பத்தின் பாரம் மற்றொருவரின் நிறைவயிற்றின் மேல் ஏறியிருந்தது. அவள் முறையிடவில்லை, முறையிடலாம் என்று அவளுக்குத் தோன்றியதாகவும் கதை சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அவன் வந்தான். தன் வலியைத் தானே தேர்ந்து ஏற்கிற ஞானியின் வைராக்கியத்தை, தேர்வு என்ற ஒன்றே தரப்படாத ஒரு பெண்ணின் வாய்மூடலுக்கு உதாரணமாகக் காட்டுவது நியாயமாகாது என்று அந்தக் கூடையை வாங்கிய செயலே சொல்லிவிடுகிறது.

இங்கே ராமாநுஜ தரிசனத்தின் ஆழத்தையும் நினைக்காமலிருக்க முடியவில்லை. திருப்பதி அடிவாரத்தில் தம் மாமன் திருமலைநம்பியிடம் ஓராண்டு ராமாயணம் கேட்ட அந்த ஆசாரியர், ஜகத்தையும் ஜீவர்களையும் பொய்த்தோற்றம் என்று தள்ளாமல், அவை ஈசுவரனுக்குச் சரீரம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டினார். எந்தச் சேதனனால் ஒரு பொருள் முழுதும் தாங்கப்பட்டும் நியமிக்கப்பட்டும் அவனுக்கே சேஷமாய் நிற்கிறதோ அது அவனுக்குச் சரீரம் என்பது அவர் தரும் லக்ஷணம். சரீரத்தைப் பொய் என்று சொல்லும் தத்துவம் வலியையும் பொய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியுண்டு; சரீரம் மெய், அதுவும் அவனுடைய மெய் என்று சொல்லும் தத்துவத்துக்கு அந்த வழி இல்லை. நகரியில் விசைத்தறி முன்னே நின்று ஒரு பெண் அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொள்ளும்போது, அந்த வலி எங்கோ ஒரு தனி ஜீவனின் தனிப்பட்ட கணக்கில் மட்டும் எழுதப்படுவதன்று. அது அவன் திருமேனியின் ஓரிடத்தில் நேர்வது. இதை வெறும் கவிதை என்று எண்ணுகிறவர்கள், கூடையைச் சுமந்தவளுக்காக வந்தவன் காயத்தைத் தன் மோவாயில் வாங்கிக்கொண்டான் என்ற கதையை ஏன் நம் முன்னோர் அத்தனை பெரிய கோயிலின் வாசலிலேயே இரும்பாக மாட்டிவைத்தார்கள் என்று சற்று யோசிக்கட்டும். திருமலைக்கு அண்மையிலிருக்கும் காளத்தியிலும் இதுவே நடந்தது. இறைவன் கண்ணில் இரத்தம் கண்ட வேடர், அது என் விதி என்றோ அவன் லீலை என்றோ வாளா நிற்கவில்லை. காட்டுக்குள் ஓடிப் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார், அது பலிக்காத பின்னரே தம் கண்ணைத் தோண்டினார் என்கிறது பெரிய புராணம். கண்ணைக் கொடுத்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னர் அவர் பார்த்த வைத்தியத்தையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

வைத்தியம் பார்ப்பது என்று துணிந்தபின் எந்த வைத்தியம் என்ற கேள்வி எழுகிறது. இக்காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்களில் பலர் வெட்கத்தினாலும், முன்னர் மாத்திரை தின்று அலுத்ததனாலும், அக்குபங்சரை நாடிப் போவதைக் காண்கிறோம். சீனத்துக்குக் காங்கிரஸ் மகாசபை 1938-இல் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில், அங்கேயே உயிர்நீத்த கோட்னிஸின் பெயரை நாடறியும். அவருடன் சென்ற விஜயகுமார் பாசு பின்னொரு முறை சீனம் சென்று இந்த வித்தையைக் கற்றுவந்து 1959-இல் கல்கத்தாவில் தொடங்கிவைத்ததை அறிந்தவர் குறைவு. மத்திய அரசு 2003-இல் இதை ஒரு சிகிச்சையாகவும், 2019-இல் தனியொரு மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது. சித்தூரில் இதைச் செய்துவரும் பெண் மருத்துவர் ஒருவர் எனக்குப் பழக்கம். முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் ஊசியைக் கற்றவர் அவர். உள் கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து நோயாளியின் சொந்த விரல்கள் நான்கின் அகலம் அளந்து மேலே போய், கணைக்கால் எலும்பின் விளிம்புக்குப் பின்னால் அழுத்திப் பார்ப்பார். மண்ணீரல் பாதையின் ஆறாவது புள்ளி அது, காலின் மூன்று யின் பாதைகள் சந்திக்குமிடம் என்று சீனர் கருதுவது, கர்ப்பிணிகளுக்கு மட்டும் தொடக்கூடாது என்று விலக்கி வைத்திருப்பது. தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் மூன்று அளவையிலும் நான்கு அளவையிலும் இன்னும் இரண்டு புள்ளிகள். தலைமயிரைவிடச் சற்றே தடித்த, துளையில்லாத ஊசி இறங்கியதும் வலி இராது. ஒரு மதமதப்பு, ஏதோ உள்ளே கனத்து இழுப்பது போன்ற உணர்ச்சி. ஊசிகள் நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் நடந்த பேச்சை, ஆள் யார் என்று சொல்லாமல், அவர் எனக்குச் சொன்னார்.

“எத்தனை வருஷமா இருக்கும்மா இந்த வலி?”

“சின்னவன் பொறந்ததிலேருந்து, டாக்டரம்மா. அவனுக்கு இப்போ பதினாறு.”

“வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யார்கிட்டப் போய் இதைச் சொல்றது?”

ஊசி என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியில் அறிவுக்கு விருந்தான பகுதிகள் உண்டு. ஓரிடத்து நரம்புத் தூண்டல் முதுகுத்தண்டிலேயே மற்றோரிடத்து வலியின் வழியை அடைக்கக்கூடும் என்று மெல்ஸாக்கும் வாலும் 1965-இல் சொன்ன கதவுக் கொள்கை, அதன்பின் ஊசியால் உடல் தானே அபின் நிகர்த்த பொருள்களைச் சுரக்கிறது என்று எழுபதுகளில் கண்டது, அபினின் வேகத்தை முறிக்கும் மருந்தைக் கொடுத்தால் ஊசி தந்த நிவாரணமும் குறைவதைக் கண்டது என்று அது விரிகிறது. ஆனால் எனக்குத் தத்துவ விசாரணைக்கு உரியதாகப் படுவது, ஜெர்மனியில் நடந்து 2007-இல் வெளியான ஒரு பெருஞ்சோதனை. நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முறைப்படியான புள்ளிகளிலும், ஒரு பிரிவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகவும் ஊசியிட்டு, மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும் அளித்தார்கள். ஆறு மாதம் கழித்துக் குணம் கண்டவர்கள் முறையே நூற்றுக்கு 47.6, 44.2, 27.4 பேர். மெய்யூசிக்கும் பொய்யூசிக்கும் வேறுபாடு அற்பம். இரண்டுக்கும் வழக்கமான வைத்தியத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆகவே ஊசி வீண் என்று சிலர் கைகழுவுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுபவன், நோயாளி என்று மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் வைத்தது சரகம். வள்ளுவரும் அந்த நான்கையே எண்ணினார். நம் காலத்து மருத்துவமனை, வரிசையின் நீளத்தினால், மூன்றாம் பாதத்தை ஏறக்குறைய இழந்துவிட்டது. ஒருவர் அருகே அமர்ந்து, உடலைத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டு, விடைக்காகக் காத்திருக்கிறபோது வலியே குறைகிறதென்றால், வலி என்பது உடலிலிருந்து மனத்துக்குப் போகும் வெறும் செய்தி மட்டுமன்று, மற்றொருவரை நோக்கிய ஓர் அழைப்பும்கூட என்பதற்கு அது ஆதாரமாகிறது. பதினாறு வருஷம் விடை வராத அழைப்பு அந்த நாற்காலியருகே விடை பெற்றிருக்கக் கூடும்.

இவ்வளவு சொன்னபின், இந்த முறையைச் சூழ்ந்து தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய இப்பகுதியிலும் வளர்ந்திருக்கும் ஒரு புதிய மதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதம் என்பதை ஆலோசித்தே எழுதுகிறேன். உடலே மருத்துவன், கழிவுத் தேக்கமே எல்லா நோயும், மாத்திரை என்பதே விஷம், ஆகவே நாடி பார்த்து ஒரு புள்ளியைத் தொட்டால் போதும், இரத்தச் சோதனையும் ஸ்கேனும் அநாவசியம் என்று போதிக்கும் ஹீலர்கள் பலர் இருக்கிறார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற சீனரின் ஐந்தை நம்முடைய பஞ்சபூதங்களோடு பிணைத்து, சித்தர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது, கேட்கிறவர்களுக்கு அது நம் பாட்டன் சொத்தாகவே தோன்றிவிடுகிறது. கிளமிடியாவையோ க்ஷயக் கிருமியையோ கொல்லும் சக்தி எந்த ஊசிக்கும் இல்லை. இடுப்புக்குழி அழற்சி என்று ஐயம் எழுந்தவுடன் பதினான்கு நாள் கிருமிக்கொல்லி மருந்து, க்ஷயம் என்று கண்டால் குறைந்தது ஆறு மாதம் அதற்கான மருந்து. அவற்றைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த மில்லிமீட்டர் வழியின் மேல் விழுகிற அடி. உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் கருக்குழாயை அடைத்த தழும்பு எது? உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்ட வேலைதான் அது. கிருமியோடு போராடிப் புண்ணை மூடும் அவசரத்தில், மூடக்கூடாத வழியையும் சேர்த்து மூடிவிட்டது. சரீரம் ஈசுவரனுக்குச் சரீரம் என்று ஒப்புவது வேறு, சரீரமே ஈசுவரன், அதற்கு எல்லாம் தெரியும் என்று கும்பிடுவது வேறு. முன்னது மருந்தை நாடச் சொல்லும். பின்னது மருந்தை அபசாரம் என்று விலக்கும். கர்மம் என்று சொல்லி வாய்மூடிய பெண், அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு நேரே இந்த இரண்டாவது பிடியில் போய் விழுவாளானால் அவளுக்கு விளைந்த லாபம் என்ன?

நம் புத்தூரே இதற்கு நல்ல பாடம். முறிந்த எலும்பை நேராக்கிப் பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டுக்கு மதராஸிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் வருவது இன்றும் நிற்கவில்லை. எலும்பு கூடும் இயல்புடையது, அதை அசையாமல் வைத்தால் போதும் என்ற உண்மையின் மேல் அந்த வைத்தியம் நிற்கிறது. ஆனால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அங்கே பத்தை உதவாது, சஸ்திர வைத்தியனே வேண்டும் என்பதை விவேகமுள்ளவர் எவரும் மறுக்கமாட்டார். ஊசிக்கும் அத்தகைய இடம் உண்டு: கிருமி ஒழிந்த பின்னும் அடங்க மறுக்கிற வலியில், உறக்கக் கேட்டில், இறுகிப் போன இடுப்புத் தசைகளில், மருந்தோடு கூட, மருந்துக்குப் பதிலாக அல்லாமல்.

சித்தூர் மருத்துவர் இதில் கண்டிப்பானவர். புதிதாக வருகிற பெண்ணுக்கு அவர் முதல் நாள் ஊசி போடுவதில்லை. அரசாங்க மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, உட்பரிசோதனையும், ஸ்கேனும், தேவையானால் க்ஷயப் பரிசோதனையும் முடித்துக்கொண்டு வரச் சொல்வார். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசாங்க மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கு இலவசமாகத் தரும் மருந்துப் பொதிகள் நிறத்தால் பிரிக்கப்பட்டவை. அடிவயிற்று வலிக்கு உரியது மஞ்சள். அதோடு அவளுடைய கணவனுக்கென்று சாம்பல் நிறப் பொதி ஒன்றும் உண்டு. அவனுக்குப் பல சமயம் வலியும் இராது, கசிவும் இராது. கிருமி மட்டும் இருக்கும். அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது அவளிடம் திரும்பி வந்துவிடக்கூடும். கர்மம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது பொதியை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்தவனே அநுபவிப்பான் என்பது சித்தாந்தத்தின் உயிர்நாடி. இங்கே கிருமியைக் கொண்டுவந்தவன் பெரும்பாலும் ஒருவன், பதினாறு வருஷம் அநுபவித்தவள் வேறொருத்தி. சில வீடுகளில் அது பிரசவம் பார்த்த கையின் அசுத்தம். அப்போதும் அது அவள் வினையன்று. ஆகவே என் கர்மம் என்று அவள் சொல்வது, கர்ம சித்தாந்தத்தின்படியேகூட, பிறருடைய கடனைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதாகும். அப்படி எழுதிக்கொள்ளும்படி எந்தப் பெருமாளும் அவளைக் கேட்கவில்லை.

அவர் வரமாட்டாரு டாக்டரம்மா, கோவிச்சுக்குவாரு, நானே ரெண்டு பேருக்கும் வாங்கிட்டுப் போறேன் என்று பெண்கள் கெஞ்சுவது வழக்கமாம். மருத்துவர் அதற்கு இசைவதில்லை. அவள் சம்மதம் கேட்டு, எண்ணை வாங்கி, அவள் எதிரிலேயே தாமே அவனைத் தொலைபேசியில் கூப்பிடுவார். “தம்பி, ஒண்ணும் பயப்பட வேண்டாம், யார் மேலயும் குத்தம் சொல்லக் கூப்பிடல. நாளைக்குக் காலையில அவங்க கூட நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வரணும். மருந்து ரெண்டு பேருக்கும்தான்.”